அம்மா என்ற சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி

என் கண்ணு,

கையால் எழுதுகிறேன். நம் டைப்பிங் கடைக் கம்ப்யூட்டரின் ஒயரை நேற்றுப் பிடுங்கிவிட்டேன். ஆயுசில் பாதியை டைப் அடித்தே கழித்தவன் பேனாவைப் பிடித்தால் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கோழிக் கிறுக்கலாக இருந்தால் சிரித்துக்கொள். அதற்கு மேல் சிரிக்க இதில் ஒன்றும் இல்லை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவின் குரல் போய்விட்டது. அவள் மலையிலிருந்து அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அத்தனையையும் நான் அழித்துவிட்டேன். கல்யாண மண்டபத்தில் போடுவதற்கு ஒன்றை அனுப்பு என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நெட் ஸ்லோ, கடையில் கூட்டம் என்று நானும் இரண்டு மாதமாகக் கதை சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அனுப்ப என்னிடம் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை நீ கள்ளக்குறிச்சியில் வந்து இறங்குவதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்துவிட வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

உனக்குத் தெரிந்ததுதானே என்று எதையும் விடாமல் வரிசையாக எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கு ஆறும். உன் அம்மா கல்வராயன் மலையில் கிராம நர்ஸாக வேலை பார்த்த வருஷங்களில் அங்கே சிக்னல் கிடையாது. காலையில் கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறிவிட்டால், சாயந்திரம் இறங்கும்வரை அவளைப் பிடிக்க முடியாது. அவளோ பேசாமல் இருக்கிற ஆளா? தோன்றும்போதெல்லாம் போனை வாய்க்குக் கிட்டே வைத்துப் பேசி வைத்துவிடுவாள். பஸ் அடிவாரத்துக்கு வந்ததும் நாள் முழுக்கப் பேசியது மொத்தமாக என் போனில் வந்து விழும். கடையில் இருக்கிறவர்கள், "இன்னா சார், வூட்டம்மா மலைய வுட்டு எறங்கிட்டாங்க போல" என்று கிண்டல் செய்வார்கள். "ஏங்க, தோச மாவ வெளிய வெச்சிட்டு வந்துட்டேன், எடுத்து உள்ள வைங்க" என்பது காலையில் சொன்னது. எனக்கு வந்து சேரும்போது மாவு பொங்கி வழிந்திருக்கும். "இன்னிக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சுங்க, மூணு கிலோ இருக்குது, அவங்கப்பன் சிரிச்சிக்கினே நிக்கறான்" என்பது மத்தியானம் சொன்னது. உனக்கு வேலை கிடைத்த செய்தியை அவள் பஸ்ஸில் வரும்போதுதான் பார்த்தாள். உன்னிடம் அழுதால் நீ பயந்துவிடுவாய் என்று எனக்குப் பேசி அனுப்பினாள். "இன்னா சொல்றதுன்னே தெரிலீங்க" என்று ஆரம்பித்து, அழுதுகொண்டே சிரித்து, நடுவில் கண்டக்டரிடம், "எம் பொண்ணுங்க, கம்ப்யூட்டர் கம்பெனில" என்று சொல்வாளே, அதைத்தான் நீ மண்டபத்துக்குக் கேட்கிறாய்.

அவள் போன பிறகு, காரியம் முடிந்து நீ சென்னைக்குத் திரும்புவதற்கு முன்னால், என் போனில் இருந்த அவள் குரலை எல்லாம் கடைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினாய். அந்தப் போன் அப்போதே பாதி செத்திருந்தது. கொஞ்ச நாளில் முழுசாகவும் செத்தது. ஒவ்வொரு பதிவுக்கும் வாயில் நுழையாத நீளத்துக்கு ஒரு எண்தான் பெயராக இருந்தது. நீ கறுப்புத் திரையில் நாலு வரி எழுதினாய்; எல்லாம் தேதிவாரியாகப் பெயர் மாறி வரிசையில் நின்றன. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்கிட்டயும் ஒண்ணு வெச்சுக்கம்மா" என்றேன். "வேணாம்ப்பா. எங்கிட்ட இருந்தா வேலைய வுட்டுட்டு கேட்டுக்கினே இருப்பேன். உங்கிட்டயே இருக்கட்டும், நீதான் பத்தரமா வெச்சிருப்ப" என்றாய். அந்தப் 'பத்தரமா' என்ற சொல்லைத்தான் இரண்டு மாதமாக மென்று முழுங்க முடியாமல் இருக்கிறேன்.

அதே வாரம்தான் அந்தத் தாளையும் எழுதினாய். என் பழைய பெட்டி வைரஸில் திணறுகிறது என்று விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்து, மவுஸை நம்பாதே, கறுப்புத் திரையில் கட்டளை கொடு என்று, 'அப்பாவுக்கு' என்ற தலைப்பில் ஒரு ஏ4 தாளில் குறிப்புகள் எழுதி, நம் கடை லேமினேஷன் மெஷினிலேயே கொடுத்து எடுத்து, மானிட்டருக்கு மேலே ஒட்டினாய். இப்போது பார்க்காமலே சொல்வேன். எங்கே இருக்கிறேன் என்று குழம்பினால் pwd. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ls. முன்னால் கொடுத்த கட்டளை மறுபடி வேண்டுமானால் மேல் அம்புக்குறி. ஓடுவது நிற்காவிட்டால் Ctrl-ஐப் பிடித்துக்கொண்டு C, பயப்படாதே. பெயரை முழுசாக டைப் பண்ணாதே. இரண்டு எழுத்து போட்டு டேப் அழுத்து, மிச்சத்தை அது காட்டும். பெயருக்கு நடுவில் இடைவெளி இருந்தால் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போடு. அழிக்க rm, ஃபோல்டரையே அழிக்க rm -r. அதைக் கொடுத்தால் ஏன் எதற்கு என்று கேட்காது, குப்பைத் தொட்டியிலும் போடாது. இரண்டு தடவை படித்துவிட்டு என்டர் அடி. தவறி எதையாவது அழித்துவிட்டால் உடனே கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிவிட்டு எனக்குப் போன் போடு. இவ்வளவும் நல்ல தமிழில். நான் அந்தத் தாளை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிப் பெருமை அடித்தேன். டேப் விஷயத்தை மட்டும் மதிக்கவே இல்லை. டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ் பண்ணியவன், இன்ஸ்டிட்யூட்டில் எத்தனையோ பேருக்கு விரல் பழக்கியவன், எனக்கு மெஷின் முடித்துத் தருமாம்! முழுப் பெயரையும் நானே அடிப்பேன் என்ற திமிர்.

இடைவெளி விஷயத்தில் எனக்கு இருக்கும் பைத்தியம் உனக்குத் தெரியும். மூங்கில்துறைப்பட்டிலிருந்து சின்னப்பையன் என்று ஒரு கரும்பு விவசாயி தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். நான் வெளியே போயிருந்த நேரத்தில் உன் அம்மாதான் உட்கார்ந்து டைப் பண்ணினாள், 'சின்னப் பையன் மகள்' என்று. அச்சாகி ஊர் முழுக்கக் கொடுத்தும் ஆயிற்று. சம்பந்தி வீட்டில் ஒரு பெரியவர், "இன்னாப்பா, சின்னப் பையனுக்கு கல்யாண வயசுல பொண்ணா?" என்று கேட்டுவிட்டாராம். மனுஷன் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து கத்தினார். அவர் போனதும் நான் உன் அம்மாவைக் கத்தினேன். "ஒரு எடம் வுட்டதுக்கா இவ்ளோ கோவம்?" என்றாள். சேர வேண்டியது பிரிந்தாலும் பிரிய வேண்டியது சேர்ந்தாலும் அர்த்தமே மாறிவிடும் என்று அரைமணி நேரம் பாடம் நடத்தினேன். பள்ளிக்கூட நோட்டில் நீ சொற்களைச் சேர்த்து எழுதினால் தலையில் குட்டியதும் நான்தான். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் பதிவுகளை 'அம்மா' என்ற ஃபோல்டரில் வைத்தாய். புதுச்சேரி ஆஸ்பத்திரியின் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டிஸ்சார்ஜ் காகிதம் எல்லாவற்றையும் இன்னொன்றில் போட்டு 'அம்மா_ரிப்போர்ட்' என்று பெயர் வைத்தாய். நடுவில் கீழே ஒரு கோடு. எனக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி உறுத்தியது. "இன்னாம்மா இது, நடுவுல கோடு? எந்த ஊரு தமிழு இது?" என்றேன். "எடம் வுடக் கூடாதுப்பா. வுட்டா அது ரெண்டு பேருன்னு நெனச்சுக்கும்" என்றாய். "தமிழ் தெரியாத மெஷினுக்காக நாம தப்பா எழுதணுமா?" என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டு விட்டுவிட்டாய். நீ பஸ் ஏறிய மறுநாள் நான் அந்தக் கோட்டை எடுத்துவிட்டு அழகாக இடைவெளி விட்டேன். 'அம்மா ரிப்போர்ட்.' உன்னிடம் சொல்லவில்லை.

நிச்சயம் முடிந்து தேதி குறித்த வாரம், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப உன் சின்ன வயசுப் படம் ஒன்றைத் தேடினேன். மவுஸால் போனால் எல்லாப் படங்களும் சின்னச் சின்னதாகத் தெரியுமே, தெரியாமல் அந்த ஃபோல்டர் திறந்துவிட்டது. அவளுடைய ஸ்கேன் படங்கள் வரிசையாக நின்றன. கறுப்பும் வெள்ளையுமாக, அவள் வயிறு, அந்தக் கட்டி. மூடிவிட்டு வெளியே போய் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கல்யாணம் நடக்கப்போகிற வீட்டில் இந்த நோய் இனி இருக்கக் கூடாது என்று தோன்றியது. மவுஸால் அழிக்கப் போனால் மறுபடி அதைப் பார்க்க வேண்டும். கறுப்புத் திரையில் எதையும் பார்க்க வேண்டியதில்லை, பெயர் மட்டும் போதும். தாளைப் பார்த்து rm -r என்று அடித்தேன். பிறகு முழுப் பெயரையும் என் கையாலேயே அடித்தேன், பிழையில்லாமல். அம்மா. இடைவெளி. ரிப்போர்ட். மேற்கோள் குறி போடவில்லை. இரண்டு தடவை படித்தேன் கண்ணு, நீ சொன்னபடியே படித்தேன். தமிழ் படிக்கிறவனுக்கு அது சரியாகத்தான் இருந்தது. என்டர் அடித்தேன்.

ரிப்போர்ட் என்று எதுவும் இல்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. இல்லாமல் எப்படி என்று ls கொடுத்தேன். 'அம்மா ரிப்போர்ட்' அங்கேயே இருந்தது. அதற்கு மேலே எப்போதும் இருக்கும் 'அம்மா' இல்லை. நீ சொன்னதுதான் நடந்திருக்கிறது. அது இரண்டு பெயர் என்று நினைத்துக்கொண்டது. முதல் பெயரை அழித்தது, இரண்டாவதைத் தேடியது, கிடைக்கவில்லை என்று எனக்கே சொன்னது. ஒழித்துக்கட்ட நினைத்தது ஒரு தாள் குறையாமல் இருக்கிறது. வைத்திருக்க நினைத்தது போய்விட்டது. எனக்கு அழுகை வரவில்லை. காது மட்டும் அடைத்துக்கொண்டது.

அடுத்துச் செய்ததைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. வாரம் ஒரு தடவை பென்டிரைவைச் செருகி backup என்று அடித்தால் எல்லாவற்றுக்கும் அதில் ஒரு நகல் விழும்படி நீ ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தாய். வாராவாரம் பூஜை மாதிரி செய்துகொண்டிருந்தேன், என்ன நடக்கிறது என்று புரியாமலே. நம்மூரில் வண்டியை பேக் எடு என்றால் திரும்பி வரும். இதுவும் போனதைத் திரும்பக் கொண்டுவருகிற கட்டளை என்று அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறிவிட்டது. பென்டிரைவைச் செருகி backup என்று அடித்தேன். கம்ப்யூட்டரில் இல்லாதது பென்டிரைவிலும் இருக்க வேண்டாம் என்பதுதான் அதன் வேலை என்று எனக்குத் தெரியாது. அது சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தது. ஒரு வரி விடாமல் அவள் தேதிகள் திரையில் ஓடின, ஒவ்வொன்றின் முன்னாலும் அழிக்கிறேன் என்ற இங்கிலீஷ் சொல்லோடு. நிறுத்துவதற்கு Ctrl-ம் C-யும் என்று தாளில் இருந்தது. என் விரல் போகவில்லை. நீ அப்படி எழுதி வைத்ததால்தான் போயிற்று என்று உன்மேல் பழியைப் போட்டுக்கொள்ளாதே. உன்னைத் தெரியும் எனக்கு, அதைத்தான் முதலில் நினைப்பாய். நீ கத்தியை உறையில் போட்டுத்தான் கொடுத்தாய்.

உடனே ஆஃப் பண்ணிவிட்டுப் போன் போடு என்று தாளில் இருந்ததே, அதையும் படித்தேன். ஆஃப் பண்ணினேன். போனை எடுத்து உன் பெயர் வரைக்கும் போனேன். அங்கே நின்றுவிட்டேன். கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் இருக்கிறாய், இப்போது எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ 'பத்தரமா வெச்சிருப்ப' என்று சொன்ன ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரிந்துவிடும், அதுதான் பயம். மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் கை பழக்கத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டது. போனது போனதுதானே, கடையைப் பூட்டி வைத்தால் திரும்பி வந்துவிடுமா என்று வேலையைப் பார்த்தேன். கொடுத்த கட்டளைகள் எல்லாம் அந்தப் பெட்டியில் பதிவாகியிருக்கும், நீ வந்து மேல் அம்புக்குறியை நாலு தடவை அழுத்தினால் என் வண்டவாளம் தெரிந்துவிடும் என்று அதையும் அழிக்க ஒரு நாள் வழி தேடினேன். வழி கிடைத்தது. செய்யவில்லை. அந்த ஒரு அயோக்கியத்தனம் மட்டும்தான் பாக்கி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவள் போன பிறகு அந்தக் குரலை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் தாங்க மாட்டேன் என்று தள்ளிப்போட்டேன். அடுத்த மாதம், அடுத்த தீபாவளி, உன் கல்யாணம் முடிந்து தனியாக உட்கார்ந்து கேட்கலாம் என்று வைத்திருந்தேன். இப்போது அவள் சொன்ன வார்த்தைகள் ஞாபகம் இருக்கின்றன, ஒரு பக்கம் நிறைய எழுதிக்கூடத் தருவேன். எப்படிச் சொன்னாள் என்பதுதான் நழுவுகிறது. போன வாரம் குளிக்கும்போது அவள் 'ஏங்க' என்று கூப்பிடுவதை மனசுக்குள் கொண்டுவரப் பார்த்தேன். வந்தது என் குரலில் வந்தது. அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதேன்.

கல்யாணம் பண்ணிக்கொண்டு போகிற பெண்ணுக்கு அப்பா நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். உன் வீட்டுக்காரர் ஒரு விஷயத்தை இப்படிச் செய்யாதே என்று சொன்னால், நமக்குத் தெரியாததா என்று சிரித்துவிட்டுப் பின்னால் போய் மாற்றி வைக்காதே. நான் உன் அம்மாவிடமும் அப்படித்தான் இருந்தேன். வயிற்று வலிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாமா என்று அவள் கேட்டபோது, "மலையில ஏறி எறங்கற வலிதான், சரியாயிடும்" என்று நர்ஸுக்கே வைத்தியம் சொன்னவன் நான். அவளும் நம்பினாள், அல்லது நம்பியது போல இருந்தாள். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. திட்டு வாங்கினாலும் அன்றைக்கே வாங்கிக்கொள். தள்ளிப்போட்டால் தப்பு அங்கேயே நிற்காது, உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். இது எனக்கு நேற்றுத்தான் முழுசாகப் புரிந்தது.

நேற்று நீ போன் பண்ணினபோது, "ஒரு கஸ்டமர் கேக்கறாரும்மா, அழிச்ச ஃபைல் திரும்ப கெடைக்குமா?" என்று கேட்டேனே, அந்தக் கஸ்டமர் நான்தான். உனக்குப் பிடித்த விஷயம் என்பதால் உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாய். "அழிச்சா ஒடனே போயிடாதுப்பா. இந்த எடம் காலின்னு குறிச்சு வெச்சுக்கும், அவ்ளோதான். அந்த எடத்துல வேற எதனா எழுதற வரைக்கும் உள்ளதான் இருக்கும்."

"எழுதிட்டா?"

"எழுதிட்டா முடிஞ்சிது. எவ்ளோ நாளாச்சாம்?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"மிஷின ஓட்டிக்கினே இருக்காரா? அய்யோ, பாவம்ப்பா அவரு. அன்னிக்கே ஆஃப் பண்ணிட்டு வந்திருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன்."

போனை வைத்துவிட்டுப் போய் ஒயரைப் பிடுங்கினேன். பென்டிரைவையும் எடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்து பார். உனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் போட்டுப் பார். ஒரு இருமல், ஒரு 'ஏங்க' கிடைத்தாலும் போதும். ஆனால் நீ உட்காருவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த இரண்டு மாதமும் நான் வெளிவேலை அதிகம் எடுக்கவில்லை. அந்தப் பெட்டியில் உன் கல்யாணப் பத்திரிகையைத்தான் செய்துகொண்டிருந்தேன். பூ வைத்து ஒன்று, பூ இல்லாமல் ஒன்று, உன் பெயரைப் பெரிதாகப் போட்டு ஒன்று, உன் அம்மா பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட்டு ஒன்று, அதைப் பார்க்க முடியாமல் எடுத்துவிட்டு இன்னொன்று. ஊரில் யாருக்கும் இப்படி அமையக் கூடாது என்று மாற்றி மாற்றிச் செய்தேன். எதையும் அழிக்க மனசு வரவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சேமித்தேன், பிரஸ்ஸுக்குக் கொண்டுபோக பென்டிரைவிலும் சேமித்தேன். அவள் பேசிக்கொண்டிருந்த இடத்தின் மேல் உன் பத்திரிகையைத்தான் எழுதியிருக்கிறேன், கண்ணு. அச்சாகி வந்துவிட்டது. முதல் பிரதி இந்தக் கடிதத்தோடு இருக்கிறது.

உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய
அப்பா